ஜாம்ஷெட்பூர் தொழிலாளரின் புரொபஸர் அப்துல் பாரி

மதுரையில் ஹார்வி கம்பெனியார் பஞ்சாலை வைத்தது முதல், திருப்பரங்குன்றத்தைச் சூழ்ந்த சமவெளியில் ஆலை வேலை என்பது ஜனங்களுக்குப் பரிச்சயமான விஷயமாகிவிட்டது. ஆலைத் தொழிலாளருக்கென்று குன்றத்தின் அருகே எழுந்த குடியிருப்பு, அந்தக் கம்பெனியின் பெயரையே தாங்கி ஹார்விபட்டி என்று இன்றும் வழங்கி வருகிறது. ஆகவே கதிர்கள் நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிக்கு நஷ்டம்; தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியாது; ராஜி ஏற்பட்டால் மறுநாள் காலையில் அதே கதிர் பழையபடி சுழலும். இரும்பைக் காய்ச்சி உருக்காக்கும் ஆலையின் சங்கதி இப்படிப்பட்டதன்று. அங்கே நெருப்பு அணைந்தால் உலையே கல்லாகிப் போகும். அந்த நெருப்பின் முன் நிற்பவனுடைய நிலைமை, சமாதான காலத்தில் ஒரு விதம். யுத்த காலத்தில் முற்றிலும் வேறு விதம்.

அத்தகைய ஆலை ஒன்றின் தொழிலாளருக்குச் சுமார் பத்து வருஷ காலம் தலைவராக விளங்கியவர் பீஹார் மாகாணத்து புரொபஸர் அப்துல் பாரி. அந்தப் பத்து வருஷங்களில் ஆறு, உலகம் யுத்தத்தில் மூழ்கிக் கிடந்த வருஷங்கள். வடநாட்டுத் தொழிற்சங்கவாதிகளிடையே அவர் பெயர் பிரசித்தமானது. தமிழ்நாட்டில் அவரைக் குறித்து அதிகமாக எழுதப்பட்டதில்லை. 1942-ம் வருஷத்துக் கிளர்ச்சியை வருணிப்போர் தண்டவாளம் பெயர்த்ததையும் தந்திக் கம்பி அறுத்ததையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, ஜாம்ஷெட்பூர் உலைகள் பதின்மூன்று நாள் அடங்கிக் கிடந்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்பதே நமது நோக்கம்.

பாரி சாஹிபின் குடும்பத்துக்கு ஊர், பழைய ஷாஹாபாத் ஜில்லாவில் சோன் நதிக் கரையிலுள்ள கோயில்வர். படிப்பு பாட்னாவில். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, சர்க்கார் கலாசாலைகளை விட்டு வெளியேறிய மாணவர்களுக்காக 1921-ல் பாட்னாவில் பீஹார் வித்யாபீடம் என்ற தேசீயக் கலாசாலை ஏற்பட்டது. ராஜேந்திர பிரசாத் அதன் உயிர்நாடியாக இருந்தார். அங்கே ஆசிரியராக அமர்ந்த பாரியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட புரொபஸர் என்ற அடைமொழி கடைசி வரை அவரை விட்டுப் பிரியவில்லை. எழுத்தறியாத உலைக்களத் தொழிலாளிகளும் அவரை அப்படியேதான் அழைத்தார்கள்.

1930-ம் வருஷம் உப்பு சத்தியாக்கிரகத்தின்போது பாட்னா வீதிகளில் தொண்டர் படையைக் குதிரைப் போலீஸார் தாக்கினார்கள். அடிபட்டவர்களில் பாரியும் ஒருவர். மறு வருஷம் பீஹாரில் சோஷலிஸ்டுக் கட்சி உருவானபொழுது அவர் அதன் முன்னணியில் நின்றார். 1937-ல் காங்கிரஸ் மந்திரிசபை ஏற்பட்டதும் மாகாண சட்டசபையின் உதவி சபாநாயகராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். சபையில் அமைதியை நிலைநாட்டும் ஆசனம் அது. அதே மனிதர் வாரக் கடைசியில் ஜாம்ஷெட்பூர் மைதானத்தில் ஏறி நின்றால் அமைதிக்கு அங்கே வேலையிராது.

அவர் சென்று சேர்ந்த இடத்தின் பூர்வ கதையை அறிந்தாலன்றி அவருடைய காரியத்தின் கஷ்டம் விளங்காது. டாட்டா இரும்பு உருக்குக் கம்பெனி 1907-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ரிஜிஸ்தர் ஆயிற்று. அதைக் கனவு கண்ட ஜாம்ஷெட்ஜி டாட்டா மூன்று வருஷம் முன்னதாகவே காலஞ்சென்றுவிட்டார். லண்டன் பணக்காரர்கள் கை விரித்ததால் பங்குகள் இந்தியாவிலேயே விற்பனைக்கு விடப்பட்டன. மூன்றே வாரத்தில் சுமார் 8,000 இந்தியர்கள் முழு மூலதனத்தையும் கட்டி முடித்தார்கள். தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கப்பல் கம்பெனி நடத்திக்கொண்டிருந்த காலம் அது. இரண்டும் ஒரே சுதேசி ஆவேசத்தின் குழந்தைகள். ஒன்றை வெள்ளையர் நசுக்கிவிட்டார்கள். மற்றொன்று பிழைத்து வளர்ந்தது.

சுவர்ணரேகா நதியும் கார்காய் நதியும் கூடும் இடத்தருகே, ஸாக்சி என்ற சிற்றூரில் ஆலை எழுந்தது. 1912-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி முதல் உருக்குப் பாளம் வார்க்கப்பட்டது. இரண்டு வருஷத்தில் முதல் உலக யுத்தம் வந்தது. மெஸபொடேமியாவிலும் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிரிட்டிஷ் படைகள் ரெயில் பாதை போட்டுக்கொண்டே முன்னேறின. அதற்கு வேண்டிய தண்டவாளத்தை அளித்தது இந்த ஆலை. சுமார் 1,500 மைல் தண்டவாளமும் மூன்று லட்சம் டன் உருக்கும் அனுப்பியதாகக் கணக்கு. 1919-ம் வருஷம் ஜனவரியில் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு நேரில் வந்து வாயார நன்றி கூறி, ஸாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி ஸ்டேஷன் டாட்டாநகர் ஆயிற்று. ஸ்தாபகருக்குச் செய்த மரியாதை முற்றிலும் நியாயமே. உலை முன் நின்றவனுக்கு அந்த யுத்தம் என்ன கொடுத்தது என்ற கேள்வி மட்டும் அன்று எழவில்லை. அடுத்த வருஷம் எழுந்தது.

அந்த வேலை எத்தகையது என்று இங்கே கூறிவிடுவது நலம். ஊதுலையின் மேல்வாய் வழியே இரும்புக் கல்லும் கோக் கரியும் சுண்ணாம்புக் கல்லும் இடைவிடாமல் கொட்டப்படும். அடியிலிருந்து பழுக்கக் காய்ந்த காற்று ஊதப்படும். சில மணி நேரத்துக்கொருமுறை களிமண் அடைப்பைத் துளைத்துவிட்டால் உருகிய இரும்பு வாய்க்காலில் ஆறாக ஓடிவரும். அதைப் பெருங்கொப்பரைகளில் ஏந்திக் கொண்டுபோய் உருக்கு உலையில் ஊற்றி, 1,600 டிகிரிச் சூட்டில் கொதிக்க வைத்து, வேண்டாத சரக்குகளைக் கிட்டமாகப் பிரித்தெடுத்து, அச்சுகளில் பாளமாக வார்ப்பார்கள். பிறகு பாளத்தைக் குழி உலையில் சீராகக் காய்ச்சி உருளைகளுக்கிடையே செலுத்தித் தண்டவாளமாகவோ தகடாகவோ இழுப்பார்கள். கோக் அடுப்பின் மேல்தளத்தில் நிற்பவன் காலடியில் நெருப்பு. உலைக் கதவைத் திறப்பவன் முகத்தெதிரே நெருப்பு. ஸிங்பூம் கோடையோ மதுரைச் சித்திரையை மிஞ்சும். ஈரம் பட்ட அச்சில் உருகிய உலோகம் விழுந்தால் வெடிகுண்டு போல் சிதறும். பளுதூக்கியின் சங்கிலி ஒன்று அறுந்தால் கீழே நிற்பவர் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இந்த வேலைக்கு வந்தவர்கள் இந்தியாவின் எல்லாத் திசையினரும். சுற்று வட்டாரத்து ஸந்தால், ஹோ ஜாதியார், ஒரியர், வங்காளிகள், பீஹாரிகள், பஞ்சாபிகள், பட்டாணியர், சத்தீஸ்கர் பகுதி மக்கள், தெலுங்கர், நம் தமிழர் ஆகிய எல்லோரும் இருந்தார்கள். ரேஜா என்று அழைக்கப்பட்ட பெண் கூலிகள் தலைச்சுமையாகக் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். மேலே நிபுணர்களாக அமெரிக்கரும் ஐரோப்பியரும் பெருஞ் சம்பளத்தில் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரே உலையின் முன் நிற்பவர்களுக்குள் பேச்சு வழங்குவதே கடினம். சங்கம் கட்டுவது எத்தனை கடினம் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

யுத்தம் விலைவாசியை ஏற்றிவிட்டது, கூலி ஏறவில்லை. அதே காரணத்தால்தான் மதுரையில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் 1918-ல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவ நேர்ந்தது. ஜாம்ஷெட்பூரில் 1920 பிப்ரவரியில் முதல் வேலைநிறுத்தம் வெடித்தது. கல்கத்தாவிலிருந்து பாரிஸ்டர் ஹல்தார் வந்து தலைமை தாங்க, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மார்ச்சு மாதம் போலீஸார் சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். வைஸ்ராயின் நன்றியுரைக்கும் இந்தத் துப்பாக்கிப் பிரயோகத்துக்கும் இடையே பதினைந்து மாதம்கூடக் கழியவில்லை.

பிற்பாடு 1922-லும் வேலைநிறுத்தம் நடந்தது. 1925-ம் வருஷம் ஆகஸ்டில் மகாத்மா காந்தி நேரில் வந்து இரு சாராரிடமும் பேசியதன் பேரில் கம்பெனியார் சங்கத்தை அங்கீகரித்தார்கள். 1928-ல் ஆட்குறைப்பை முன்னிட்டு நிகழ்ந்த நீண்ட போரில் சுபாஷ் சந்திர போஸ் தலையிட்டு செப்டம்பரில் ராஜி செய்தார். அந்த ராஜியை ஏற்காத மானெக் ஹோமி தனிச் சங்கம் கண்டார். தொழிலாளர் இரு பிரிவாயினர். அதன் பிறகு பல வருஷம் சங்கம் பெயரளவில் உயிர் வைத்திருந்தது என்பதே உண்மை.

இந்த நிலையில்தான் பாரி அங்கே வந்தார். பழைய சங்கம் 1937-ல் டாட்டா தொழிலாளர் சங்கம் என்று புதுப் பெயர் பெற்றது. அவர் இறக்கும் வரை அதன் தலைவர் அவரே. சுற்றிலுமிருந்த தகரத் தகட்டு ஆலை, கம்பி ஆலை, செப்புச் சுரங்கம் முதலியவற்றின் தொழிலாளரும் அவரையே நாடினார்கள்.

இங்கே தேசபக்தர் எவரையும் திகைக்க வைக்கும் ஒரு பிரச்னை உண்டு. 1908-ல் தூத்துக்குடி கோரல் ஆலையில் சிதம்பரம் பிள்ளை தொழிலாளருக்காக நின்றபோது, எதிரே இருந்தவர்கள் ஹார்வி கம்பெனியார். தொழிலாளரின் சிநேகிதரும் தேசத்தின் சிநேகிதரும் ஒரே பக்கம். முதலாளியும் ஏகாதிபத்தியமும் மறு பக்கம். வழக்கு மிகவும் சுலபம். ஜாம்ஷெட்பூரிலோ முதலாளி இந்தியர், பங்குதாரர்கள் இந்தியர், ஆலையே சுதேசியின் வெற்றித் தூண். வெளிநாட்டு உருக்கின் போட்டியிலிருந்து அதைக் காக்க 1924-ல் மத்திய சட்டசபை காப்பு வரி விதித்தபோது தேசீயவாதிகளே அதை ஆதரித்தார்கள். அத்தகைய ஆலையில் உற்பத்தியைத் தடுப்பவன் தேசத் துரோகி அல்லவா என்று கேட்டவர் பலர். காங்கிரஸ்காரர்களிடையேயும் அவ்வாறு எண்ணினவர் உண்டு.

மேலும் கம்பெனியார் சாமானிய முதலாளிகளும் அல்லர். எட்டு மணி நேர வேலை 1912-லேயே அங்கே அமுலாயிற்று. இலவச வைத்தியம் 1915-ல் வந்தது. சம்பளத்தோடு கூடிய விடுமுறை, பிராவிடண்டு நிதி, விபத்து நஷ்டஈடு ஆகிய மூன்றும் 1920-ல் ஏற்பட்டன. பிரசவ உதவி 1928-லும் லாபத்தில் பங்கு போனஸ் 1934-லும் வந்தன. விபத்து நஷ்டஈட்டுச் சட்டத்தை இந்திய சர்க்கார் இயற்றியது 1923-ல்தான் என்பதை நினைத்தால், கம்பெனி சட்டத்தை முந்தி நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியிருக்கச் சங்கம் எதற்கு என்ற கேள்வி வெறும் குதர்க்கம் அல்ல.

நமக்கு வக்கீல் தொழில் பழக்கமாதலால் இதைச் சட்டக் கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது. தானமாகக் கொடுக்கப்பட்டதைக் கொடுத்தவர் நிறுத்திவிட்டால் வாங்கினவனுக்கு வழக்கு இல்லை. ஒப்பந்தத்தால் பெற்றதற்கு வழக்கு உண்டு. 1912-ம் வருஷத்து எட்டு மணியும் 1920-ம் வருஷத்து விடுமுறையும் முதலாளியின் தயாளத்திலிருந்து பிறந்தவை. 1928-ல் ஆட்குறைப்பு வந்தபோது அந்தத் தயாளம் வேலை இழந்தவனுக்குத் துணை நிற்கவில்லை. தினக்கூலியாக வருஷக்கணக்கில் உழைத்தவனுக்கு நிரந்தர உத்தியோகம், எந்த மேஸ்திரியின் வாயிலும் விழாமல் குறையைச் சொல்லிக்கொள்ளும் வழி, கூலி நிர்ணயத்தில் தொழிலாளியின் சம்மதம் ஆகியவை தானத்தில் கிடைப்பவை அல்ல. பாரி கேட்டது இவற்றைத்தான். சுதேசி ஆலை செழிக்கவேண்டும் என்பதில் அவருக்கும் கம்பெனியாருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை; அந்தச் செழிப்பின் கணக்கு எழுதும்போது எதிரே ஒரு நாற்காலி போட்டுத் தொழிலாளியையும் உட்கார வைக்கவேண்டும் என்பதே தகராறு.

கேட்ட விதம் இனிமையானதன்று. மைதானத்தில் அவர் பேசினால் முதலாளிகள், மானேஜர்கள், மேஸ்திரிகள் எவருக்கும் தப்ப முடியாது. அவருடைய வசைமொழிகளைப் பற்றிக் கம்பெனியார் ராஜேந்திர பிரசாத்திடம் முறையிட்டார்கள். அகிம்சையை விரதமாகக் கொண்ட ஸ்தாபனத்தின் பிரமுகர் இப்படிப் பேசலாமா என்று காங்கிரஸ் தலைவர்களே வருந்தினர். அந்த வருத்தம் நியாயம் என்றே நாமும் கருதுகிறோம். எதிரியை ஏசுவதால் வழக்கு பலப்படுவதில்லை; நீதிபதிக்குத்தான் எரிச்சல். ஆனால் மேஸ்திரியின் முன் வாய் திறவாமல் இருபது வருஷம் கழித்த ஒருவன், தன் மனத்தில் புழுங்கிக் கிடந்ததைப் படித்த மனிதர் ஒருவர் உரக்கச் சொல்லக் கேட்டபோது என்ன உணர்ந்திருப்பான் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கட்டுப்பாடான சங்கத்துக்கு முன்னால் பயம் தெளிந்த மனிதர்கள் வேண்டும்.

1939 செப்டம்பரில் மீண்டும் யுத்தம் மூண்டது. இந்தியாவைக் கேளாமலே வைஸ்ராய் இந்தியாவை யுத்தத்தில் இறக்கியதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமாச் செய்தன. ஜாம்ஷெட்பூரிலோ உலைகள் முன்னிலும் வேகமாக எரியத் தொடங்கின. தேசத்தின் உருக்கில் பெரும்பகுதி அங்கேதான் உற்பத்தியாயிற்று. குண்டு துளைக்காத கவசத் தகடு, கவசத்தையே துளைக்கும் குண்டுக்கான கலப்பு உருக்கு, ரெயில் சக்கரமும் அச்சும், வெடிமருந்துக்கு வேண்டிய டொலுயீன் என்று புதுப் புது சரக்குகள் கேட்கப்பட்டன. கனடாவிலிருந்து வந்த போர்டு வண்டிச் சட்டத்தின்மேல் இந்நாட்டுக் கவசத் தகட்டைப் பூட்டிச் செய்த படை வண்டிகளுக்குச் சிப்பாய்கள் டாட்டாநகர் என்றே பெயர் வைத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் மணலில் அவை ஓடின. 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்துக்கு ஆன 26,500 டன் உருக்கில் 23,000 டன் இந்த ஆலையினுடையது.

முதல் யுத்தத்தில் நடந்தது இரண்டாவதிலும் நடந்தது: உற்பத்தி ஏறியது, அரிசி விலை அதைவிட வேகமாக ஏறியது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. ஒரு வித்தியாசம் என்னவென்றால், இம்முறை தொழிலாளியின் கையைக் கட்டச் சட்டம் முன்னதாகவே தயார். 1941-ம் வருஷத்து அவசிய வேலைகள் அவசரச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவன் அனுமதியின்றி வேலையை விட்டு விலகினாலே குற்றம். 1942 ஜனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. வேலைநிறுத்தத்தைத் தடுக்கவும், தகராறைக் கட்டாய மத்தியஸ்தத்துக்கு அனுப்பி அந்தத் தீர்ப்பை இரு கட்சியின் மீதும் சுமத்தவும் சர்க்காருக்கு அதனால் அதிகாரம் கிடைத்தது. யுத்த காலத்தில் உருக்காலைத் தொழிலாளியின் உழைப்புக்கு மதிப்பு உச்சத்தில் இருக்கும். அந்த மதிப்பைக் கேட்டுப் பெறும் சுதந்திரம் அப்பொழுதுதான் அவனிடமிருந்து பறிக்கப்படும். ரஷ்யா யுத்தத்தில் இறங்கிய பின் கம்யூனிஸ்டுகளும் உற்பத்தியை நிறுத்தலாகாது என்ற கொள்கைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே சர்க்கார், முதலாளி, தீவிரவாதிகளில் ஒரு சாரார் ஆகிய மூவரும் வேலை செய் என்றே சொன்னார்கள்.

1942 ஆகஸ்டு 9-ந் தேதி காலையில் மகாத்மாவும் காரியக் கமிட்டியினரும் பம்பாயில் கைதானார்கள். அன்றே பாட்னாவில் நோய்ப் படுக்கையிலிருந்த ராஜேந்திர பிரசாத்தையும் சிறைக்குக் கொண்டுபோனார்கள். பீஹார் எங்கும் நெருப்பு மூண்டது. ஜாம்ஷெட்பூரில் ஹர்த்தால், ஊர்வலம், கைது என்று பத்து நாள் சென்றது. போலீஸ் படையிலேயே ராமானந்த திவாரி என்பவர் தலைமையில் கான்ஸ்டேபிள்கள் சர்க்கார் உத்தரவுக்கு உடன்பட மறுத்தார்கள். ஆகஸ்டு 20-ந் தேதி உருக்காலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சுமார் 30,000 பேர்.

கூலி உயர்வு கேட்கவில்லை. போனஸ் கேட்கவில்லை. தேசீய சர்க்கார் அமையும் வரை வேலைக்குத் திரும்புவதில்லை என்பது ஒன்றே நிபந்தனை. முதலாளியின் கையில் இல்லாத ஒன்றை முதலாளியின் வாசலில் கேட்ட விசித்திரமான வேலைநிறுத்தம் அது. சட்டப்படி பார்த்தால் பிரதிவாதியே மாறிப்போன வழக்கு.

முதலில் குறிப்பிட்ட உலையின் தன்மையை இங்கே நினைவுகூர வேண்டும். ஊதுலை வருஷக்கணக்கில் இரவு பகல் அணையாமல் எரிவதற்கென்று கட்டப்படுவது. திடீரென்று காற்று நின்றால், அடியில் தேங்கிய இரும்பும் கிட்டமும் உறைந்து பாறையாகும்; அதை உடைத்தெடுக்க மாதங்கள் செல்லும். கோக் அடுப்பின் செங்கற்கள் குளிர்ந்தால் பிளந்துபோகும். ஆகையால் உலையைச் சேதமின்றி நிறுத்துவதென்றால், கோக் கரியை அதிகமாக இட்டு, காற்றுக் குழாய்களைக் களிமண்ணால் அடைத்து, தணலை மூடி உறங்க வைக்கவேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைகளும் அதே தொழிலாளரின் கைகளே. நூற்பாலையில் வேலையை நிறுத்துவதற்குத் துணிவு போதும். உருக்காலையில் நிறுத்துவதற்குத் துணிவோடு கைத்தேர்ச்சியும் வேண்டும்.

ஜப்பானியர் பர்மா எல்லையில் நின்ற சமயம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் இந்திய ஆயுதசாலைக்கு உருக்குப் போகும் வழி அடைபட்டது. பதின்மூன்று நாள் சென்றபின் செப்டம்பர் ஆரம்பத்தில் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். தேசீய சர்க்கார் அமையவில்லை, நிபந்தனை நிறைவேறவில்லை. அந்தக் கணக்குப்படி அது தோல்வி. யுத்தம் முடியும்வரை அதே உலைகள் அதே சாம்ராஜ்யத்துக்கு உருக்கு வார்த்தன.

இந்த வேலைநிறுத்தம் ஜப்பானுக்கு உதவி என்று அன்று சொன்னவர்கள் உண்டு. பின்னர் எழுதினவர்களும் உண்டு. பதின்மூன்று நாளை யுத்தத்தின் ஆறு வருஷத்தோடு வைத்துப் பார்ப்போர்க்கு அந்தக் குற்றச்சாட்டின் எடை தெரியவரும். மலாயாவும் பர்மாவும் விழுந்தது ஜாம்ஷெட்பூரில் உருக்கு நின்றதனால் அல்ல. நம்மைக் கவருவது மற்றொரு விஷயம். 1920-ல் அரிசி விலைக்காகச் சுடப்பட்ட கூட்டம், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பின், அரிசி விலை அதனினும் மோசமாக இருக்கும்போது, அரிசியைப் பற்றிப் பேசாமல் ஆட்சியைப் பற்றிப் பேசிற்று. மேடையில் நின்று வழி காட்டக்கூடிய தலைவர்கள் சிறையில் அடைபட்டிருந்த வேளையில், பல பாஷைக்காரர் அடங்கிய அந்தக் கூட்டம் கலையாமல் நின்றது. 1937 முதல் 1942 வரை மைதானத்தில் நடந்த பிரசங்கங்கள் யாவும் வெறும் வசை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நமக்குத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்தபின் பாரி 1946-ல் பீஹார் மாகாண காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார். அந்த வருஷக் கடைசியில் பீஹாரில் நிகழ்ந்த வகுப்புக் கொலைகளை எண்ணினால் இன்றும் உடல் நடுங்கும். மாண்டவரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மாகாணத்தின் காங்கிரஸ் தலைவர் ஒரு முஸ்லிம். முஸ்லிம் லீகினர் அவரைத் தம்மவராகக் கருதவில்லை. வெறிகொண்ட ஹிந்துக்கள் சிலருக்கோ அவர் தொப்பி மாத்திரமே கண்ணில் பட்டது. அவர் காங்கிரஸை விடவுமில்லை; சங்கத்தை விடவுமில்லை. 1947 மார்ச்சு 5-ந் தேதி மகாத்மா பீஹாருக்கு வந்து, எரிந்த கிராமங்களில் நடக்கத் தொடங்கினார்.

அம் மாதம் 28-ந் தேதி பாரி மோட்டாரில் பாட்னாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்காக அமர்த்தப்பட்ட காவலர் படை, பாட்னாவுக்குக் கிழக்கே குஸ்ரூபூர் அருகில் வண்டியை நிறுத்திற்று. வாய்ச்சண்டை மூண்டது. அவருடைய கோபத்தை முன்பே சொன்னோம். நிறுத்தினவனும் சாந்தமானவன் அல்ல. துப்பாக்கி வெடித்தது. காவலனுக்குத் தான் சுட்டது மாகாண காங்கிரஸ் தலைவரை என்று தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும், குண்டுக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

முஸ்லிம் தலைவர் ஒருவர் பீஹாரில் சுடப்பட்டார் என்ற செய்தி அந்த நாளில் எத்தகைய தீயை மூட்டியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். காந்தியடிகள் மறுநாளே துக்கத்தில் கலந்துகொண்டார். இது வகுப்புக் கொலையும் அல்ல, அரசியல் கொலையும் அல்ல, இரண்டு கோபக்காரர்களிடையே நேர்ந்த அனர்த்தம் என்று ஜனங்களுக்குத் தெளிவுபடுத்தினார். இறந்தவருடைய முன்கோபத்தை அவர் மறைத்துப் பேசவில்லை. அவருடைய தைரியத்தையும், பக்கீரைப் போன்ற எளிய வாழ்வையும் மறக்கவுமில்லை. மாகாணத்தின் முதன்மையான பதவியிலும், ஆயிரக்கணக்கான தொழிலாளரின் தலைமையிலும் இருந்தவர் சொத்து என்று சொல்லத்தக்க எதையும் சேர்த்து வைக்கவில்லை. இரண்டு நாளில் புது வைஸ்ராய் மௌண்ட்பேட்டனைக் காண மகாத்மா டில்லிக்குப் புறப்பட்டுவிட்டார். சுதந்திரத்துக்கு இன்னும் ஐந்து மாதங்கூட இல்லை. 1942-ல் தொழிலாளர் கேட்ட தேசீய சர்க்காரை அவர்களுடைய தலைவர் முழு உருவில் காணாமலே போனார்.

சங்கத்தின் தலைமை மைக்கேல் ஜானிடம் சென்றது. கிளர்ச்சியின் காலம் போய் உடன்படிக்கையின் காலம் வந்தது. 1956-ல் கம்பெனியும் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நிர்வாக விஷயங்களில் தொழிலாளரைக் கலந்து ஆலோசிக்கும் முறைக்கு இடம் தரப்பட்டது. பாரி கேட்ட நாற்காலி அவர் மறைந்து ஒன்பது வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. எல்லோரும் திருப்தியடையவில்லை, 1958-ல் கம்யூனிஸ்டுகள் தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. அது வேறு கதை.

ஜாம்ஷெட்பூர் 2000-ம் வருஷம் முதல் ஜார்கண்ட் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அங்கே ஸாக்சியில் பாரி மைதானமும், கோல்முரியில் அவர் பெயரால் ஒரு கல்லூரியும் இருக்கின்றன. பீஹாரில் அவருடைய ஊராகிய கோயில்வரில் சோன் நதியின் மேல் நிற்கும் பழைய இரும்பு ரெயில் பாலத்துக்கும் அப்துல் பாரி பாலம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாலம் 1862-ல் திறக்கப்பட்டது. ஸாக்சியில் முதல் பாளம் வார்ப்பதற்கு அரை நூற்றாண்டு முந்தியதாகையால், அதன் இரும்பு மாத்திரம் ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளரின் கைப்பட்டதன்று.